வேலை செய்கிறவரைக் கேட்டீர்களா?

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டித் திருவரங்குளத்தில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசுவோம். இடஒதுக்கீட்டைப் பற்றி, பௌத்தத்தைப் பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேலைத்தலம். ஒரு வேலையை நாளுக்கு நாள் எப்படிச் செம்மைப்படுத்துவது, அதில் கடைசி வரிசையில் நின்று வேலை செய்கிறவருக்கு என்ன இடம் என்பதுதான் இன்றைய பேச்சு. இது நிர்வாகவியல் படிக்கிறவர்கள் பேச வேண்டியது, நமக்கு எதற்கு என்று இத்தனை காலம் ஒதுக்கி வைத்துவிட்டோம். அப்படி ஒதுக்கியது தவறு என்று நாங்கள் உணர்ந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறோம்.

கொஞ்ச நாளுக்கு முன்பு எங்கள் குழுவிலிருந்து நான்கு பேர், இந்த வட்டாரத்தில் ஓர் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களோடு விடியற்காலையில் கூடவே நடந்தோம். கூலி, வருகைப் பதிவு, வாரிசு வேலை, இவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வதற்காகப் போனோம். ஒரு தெரு முடிவதற்குள் எங்கள் கண்ணில் பட்டது வேறு. ஐந்து பெண்களும் ரப்பர் கையுறை போட்டிருந்தார்கள். ஐந்து பேருடைய கையுறையிலும் விரல் நுனிகள் வெட்டப்பட்டிருந்தன.

"ஏன் அக்கா, வெட்டிட்டீங்க?" என்று எங்களோடு வந்த மாணவர் கேட்டார்.

"எல்லாம் ஆம்பள கை அளவுக்கு வந்திருக்கு தம்பி. போட்டா நுனியில நாலு விரக்கட சும்மா தொங்குது. குப்பையப் பிடிச்சா நழுவுது. அதான் வெட்டிட்டோம்."

"ஆபீஸ்ல சொல்லலையா?"

"எங்கள யாரு கேட்டா?"

கையுறை கொடுத்தாகிவிட்டது என்று பதிவேட்டில் இருக்கும். பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டும் கையெழுத்தும் இருக்கும். கண்ணாடிச் சில்லும் பிளேடும் ஊசியும் குத்துகிற விரல் நுனி மட்டும் திறந்தே இருக்கிறது. அதைச் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். வாங்குவதற்கு முன்னால், போட்டுக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தை ஏன் கேட்கப்படுவதில்லை? இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

உலகத்தில் இப்படிக் கேட்பதையே ஒரு முறையாக ஆக்கியிருக்கிறார்கள். ஜப்பானில் அதற்குக் கைசென் என்று பெயர். பெரிய முதலீடு இல்லாமல், வேலை செய்கிறவர்களே அன்றாடம் கண்டுபிடித்துச் செய்கிற சிறு சிறு திருத்தம் என்று பொருள் கொள்ளலாம். 1962இல் அங்கே தர வட்டங்கள் தொடங்கின. ஒரே வேலையைச் செய்கிற ஐந்தாறு பேரோ பத்துப் பேரோ வாரம் ஒருமுறை உட்கார்ந்து, எங்கே தடை வருகிறது, ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று பேசுவார்கள். 1980களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பெல் ஆலை வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. இன்று திருப்பூருக்கும் கோவைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளைக் கேளுங்கள். சுவரில் கைசென் பலகை இருக்கும். வாசலில் ஆலோசனைப் பெட்டி இருக்கும். மாதம் ஒருமுறை யாருக்காவது கைதட்டி, ஒரு பரிசு கொடுத்துப் படம் எடுப்பார்கள்.

பெட்டி இருந்தும் அதில் ஏன் சீட்டு விழுவதில்லை? பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நம் பெண் ஒருத்தி சொன்னாள். துணியை எடுத்துப் போடுகிற தட்டைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் தோள் வலிக்காது என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். வலியும் குறைந்தது, மணிக்குச் சில பீஸ் கூடவும் ஓடியது. சூப்பர்வைசர் பாராட்டினார். அடுத்த வாரம் அந்த லைன் முழுவதற்கும் டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். பக்கத்து மிஷின் அக்காமார்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அதுக்கப்புறம் எனக்கு எதுவும் தோணுனாலும் வாயத் தொறக்கல" என்றாள். தோள்வலியைக் குறைக்கக் கண்ட வழி, வேலைப்பளுவைக் கூட்டுகிற வழியாக அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. வாய் திறந்தால் தனக்கே கேடு என்று தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நிர்வாகம் அதைத் தொழிலாளியின் அக்கறையின்மை என்று எழுதிக்கொள்ளும்.

இது எல்லாத் தொழிலாளிக்கும் நேர்வது. நம் நாட்டில் இதற்கு மேல் இன்னொரு பூட்டும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நூறாண்டு பின்னால் போய், நெசவு ஆலையில் இருக்கிற நாடாவைப் பார்ப்போம்.

பழைய தறிகளில் ஊடை நூல் தீர்ந்துபோனால் நெசவாளி புதுத் தார்க்குச்சியை நாடாவுக்குள் வைத்து, நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுப்பார். நூலில் எச்சில் படும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இது நோய் பரப்பும் பழக்கம் என்று நெடுங்காலம் பேசப்பட்டு, 1952இல்தான் தடை வந்தது. பம்பாய் ஆலைகளில் இதே பழக்கத்தை வைத்து வேறொரு முடிவு எடுத்தார்கள். தீண்டத்தகாதவர் வாய் வைத்த நாடாவை நாங்கள் வாயில் வைப்பதா என்று சொல்லி, நல்ல கூலி கிடைக்கிற நெசவுப் பிரிவிலிருந்து நம் மக்களைத் தள்ளி வைத்தார்கள். கூலி குறைந்த பிரிவுகள்தான் நமக்கு. 1928ஆம் ஆண்டு நடந்த பெரும் வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்தார். தொழிலாளர் ஒற்றுமை பேசுகிற நீங்கள் நெசவுப் பிரிவின் கதவை எங்களுக்குத் திறப்பீர்களா என்பதே அவர் எழுப்பிய பிரச்சினை.

அதே காலத்தில் ஜப்பானில் சக்கிச்சி தொயோதா என்பவர் அதே நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிட வேண்டும், நூல் தீர்ந்தால் நாடா தானாக மாற வேண்டும் என்று பல ஆண்டு முயன்று, 1924இல் ஒரு தானியங்கித் தறியை முழுமைப்படுத்தினார். கோளாறு வந்தால் உடனே நிறுத்து என்கிற அந்த எண்ணம், பின்னாளில் அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் ஆலைக்குள் போனது. அங்கே வரிசையில் நிற்கிற தொழிலாளி தவறு ஒன்றைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார். சிக்கல் தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். டொயோட்டாவில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அங்கும் வேலை வேகம் தொழிலாளியைக் கசக்கியது என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நாடாவில் இருந்த கோளாறு ஒரு நாட்டில் கருவியைத் திருத்த வைத்தது. நம் நாட்டில் அதே கோளாறு ஆளை விலக்க வைத்தது. கருவியைத் திருத்தியிருந்தால் தலித் அல்லாத நெசவாளியின் நுரையீரலும் தப்பியிருக்கும். சாதியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவர் தன் நோயையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டார்.

சாதி வேலையை மட்டும் பங்கிடவில்லை, வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அண்ணல் 1936இல் விளக்கினார். சமூகவியல் வகுப்பில் நாம் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறோம். வேலைத்தலத்தில் அதற்கு என்ன பொருள்? கையில் அழுக்குப் படுகிறவருக்கு அறிவு இருக்காது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது. அறிவு இருப்பதாகச் சொல்லப்படுகிறவர் அந்த அழுக்கின் பக்கமே போகாமல் இருப்பது. இந்த இரண்டு பேரும் சந்திக்கவே கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டால் வேலை எப்படிச் செம்மையாகும்? பறை அடிக்கிறவருக்குத் தோலின் பதம் தெரியும். வயலில் நிற்கிறவருக்கு மடையின் போக்கு தெரியும். சாக்கடைக்குள் இறக்கப்பட்டவருக்கு விஷவாயு எந்த மூலையில் தேங்கும் என்று தெரியும். இந்த அறிவுக்கு நம் சமூகம் வைத்த பெயர் பழக்கம். எழுதி வைத்தவர் சொன்னால் மட்டும் தொழில்நுட்பம்.

சரி, கேட்டால் என்ன நடக்கும்? தொலைதூரம் போக வேண்டாம். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். அதே நேரத்தில் நடந்த இன்னொன்றை நாமே மறந்துகொண்டிருக்கிறோம். கல் குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ 4,000 பெண்கள், 170 குவாரிகள் அளவில் அவர்கள் கைக்கு வந்தன. நேற்று வரை சல்லி உடைத்தவர்கள் இன்று எவ்வளவு உடைப்பது, யாருக்கு விற்பது, கணக்கை எப்படி வைப்பது என்று தீர்மானித்தார்கள். புதிதாகக் கற்ற எழுத்து அதற்குக் கைகொடுத்தது. அந்தக் குடும்பங்களின் வாழ்க்கை மாறியது. அரசுக்கு வருவாயும் பெருகியது.

கல்லின் அறிவு அவர்களிடம் நேற்றே இருந்தது. எந்தப் பாறை எப்படிப் பிளக்கும் என்பதை ஆட்சியர் வந்து சொல்லித் தரவில்லை. புதிதாக வந்தது முடிவெடுக்கும் உரிமை ஒன்றுதான். பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை கள்ளத்தனமாகக் கல் எடுத்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கடுமையாகத் திருப்பித் தாக்கினார்கள். அந்த ஏற்பாடு பெருமளவு சிதைக்கப்பட்டது. நல்ல அதிகாரி ஒருவர் இருக்கும்போது திறக்கிற கதவு, அவர் மாறிப்போனதும் சாத்தப்படலாம் என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். கதவு சாத்தப்படாமல் இருக்க நம் கையில் எழுத்தில் ஒன்று வேண்டும், பின்னால் சங்கம் வேண்டும்.

அப்படி எழுத்தில் வாங்கிய உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல்லில் இருக்கிறது. அது ஒரு சாவிலிருந்து பிறந்தது. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். ஆலைக்குள் பெண்கள் படுகிற பாட்டை அதற்கு முன்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்க ஆளில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, ஓராண்டுக்கும் மேல் பேச்சுவார்த்தை நடத்தி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டது. அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். அங்கே தைத்த துணியை வாங்குகிற எச் அண்டு எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன.

அந்த ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில், தையல் வரிசையிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெறுகிறார்கள். பாலியல் சீண்டல், கெட்ட வார்த்தை, சாதி இழிவு எதுவானாலும் அவர்களிடம் சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால், துணி வாங்குகிற கம்பெனி வணிகத்தில் கைவைக்கும். முதல் ஆண்டிலேயே 180க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன, பலவும் ஒரு வாரத்துக்குள்.

புகார் கூடினால் நிலைமை கெட்டுவிட்டது என்று அதிகாரிகள் பதறுவார்கள். நாம் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். புகாரே வராத ஆலையில்தான் ஒரு பெண் செத்தார். பேச ஆரம்பித்த ஆலையில் புகார் குவிந்தது, தீரவும் செய்தது. அதே தொழிலாளிகள், அதே தையல் வரிசை. ஆலோசனைப் பெட்டிக்குள் சீட்டுப் போடத் தயங்குகிறவர், பக்கத்து மிஷினில் இருக்கிற தன் தோழியிடம் சொல்லத் தயங்கவில்லை. அந்தத் தோழிக்குப் பின்னால் சங்கம் நின்றதுதான் வேறுபாடு.

இனி நம் மனத்தை அதிகம் உறுத்துகிற வேலைக்கு வருவோம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். இயந்திரம் வேண்டும், அதில் நமக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தச் சந்துக்குள் நுழையுமா, இறுகிப்போன கசடை இழுக்குமா, அடைத்துக்கொண்டால் யார் இறங்கி எடுப்பது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவரைக் கேட்காமல் வாங்கிய இயந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்கும். பழையபடி ஆள் இறங்குவார்.

இதில் ஒரு நல்ல முயற்சியையும் சொல்லிவிடுகிறோம். மலக்குழிக்குள் இறுகிய கசடைச் சுழலும் அலகால் கரைத்து உறிஞ்சுகிற 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தைச் சென்னை ஐஐடி உருவாக்கியது. சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் துணையோடு, 2022இல் அதன் முதல் இயந்திரங்கள் தமிழ்நாட்டில் மலக்குழிச் சாவில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பது, எந்த இயந்திரம் என்பதைப் போலவே முக்கியமானது.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நகரத்தின் குப்பையைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தக் குப்பையை அள்ளுகிறவர் வாசலுக்கு வெளியே.

தோழர்களே, உள்ளே ஒரு நாற்காலி வேண்டும் என்பது புதிய கோரிக்கை இல்லை. 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணலிடம் வந்தது. அதே ஆகஸ்டில் டெல்லியில் அரசு, முதலாளி, தொழிலாளி என மூன்று தரப்பும் கூடிய மாநாட்டை அவர் நடத்தினார். வாரம் 54 மணி நேர வேலை 48 மணி நேரமாகக் குறைந்த 1946 தொழிற்சாலைத் திருத்தச் சட்டமும் அவர் துறைக் காலத்தில் வந்ததுதான். மறு ஆண்டு, 1947இல் வந்த தொழில் தகராறு சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலைகளில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் இருக்கும் பணிக்குழு அமைக்க வழிசெய்தது. 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43ஏ பிரிவு, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசின் கடமையாகச் சொல்கிறது. ஏட்டில் நாற்காலி இருக்கிறது. உட்காரத்தான் விடுவதில்லை.

ஆகவே திருவரங்குளத்திலிருந்து நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம், கையெட்டும் தூரத்தில் இருப்பதைச் செய்வோம். மே 1 அன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினத்தில் கூடுகிற அந்தச் சபையில், நம் ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்கள் சார்பாக நான்கு தீர்மானங்களைக் கொண்டுபோவோம்.

ஒன்று, கையுறை முதல் வண்டி வரை எந்தக் கருவி வாங்கினாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் முதலில் சில நாள் வைத்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே வாங்க வேண்டும். இரண்டு, மாதம் ஒருமுறை அவர்கள் கூடிப் பேச வேலை நேரத்திலேயே, கூலியோடு, ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வேலை முடிந்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்த பிறகு கூடச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். மூன்று, அங்கே சொல்லப்பட்டது ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். முடியும், முடியாது, எப்போது முடியும் என்று எதிரிலேயே பதில் எழுதித் தேதி போட வேண்டும். நான்கு, பேசியவரின் வேலைக்கோ வருகைப் பதிவுக்கோ எந்தக் கேடும் வரக் கூடாது. ஆபத்து என்று அவர் ஒரு வேலையை நிறுத்தினால் அது குற்றமாகாது.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆய்வுக்குப் போகும்போது அவர்களுடைய துன்பத்தை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். அவர்களுடைய அறிவையும் குறித்துக்கொண்டு வாருங்கள். நாங்களும் அந்தக் காலையில் துன்பத்தை எழுதத்தான் நோட்டோடு போனோம். இந்த வேலையை எப்படி மாற்றினால் நன்றாக இருக்கும் என்று எங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்விகூட இல்லை. அந்த அக்கா "எங்கள யாரு கேட்டா" என்றபோது, கேட்காதவர்களின் வரிசையில் நாங்களும் நின்றுகொண்டிருந்தோம். இதை இந்த மேடையில் ஒப்புக்கொள்வதுதான் அண்ணலுக்கு நாங்கள் செலுத்துகிற அஞ்சலி.

அடுத்த முறை போனபோது கேட்டோம். ஒரு மணி நேரம் பேசினார்கள். கையுறை எந்த அளவு, வண்டியின் பிடி எவ்வளவு உயரம், எந்தத் தெருவில் முதலில் தொடங்கினால் வெயிலுக்கு முன்னால் முடிக்கலாம், எந்த வீட்டில் பிளேடைப் பொட்டலம் கட்டாமல் போடுகிறார்கள், எல்லாம் வந்தது. மூன்று பக்கம் எழுதினோம். அந்த மூன்று பக்கத்தோடுதான் மே 1 அன்று சபைக்குப் போகப் போகிறோம். படிக்கப் போவது நாங்கள் இல்லை, அந்த அக்காவே. நீங்கள் எல்லோரும் வந்து அவருக்குப் பின்னால் உட்கார வேண்டும்.

ஜெய்பீம்.